வேட்டியின் மறுமுனை

விடிய ஒரு மணி நேரம் இருக்கும்போதே அம்மாச்சி வீட்டுக் கொல்லையில் கோட்டை அடுப்பு மூண்டுவிடும். புளிய விறகு வெடித்துப் பொறி பறக்கும். மூன்று செங்கல்லுக்கு மேல் உட்கார்ந்திருக்கும் பித்தளை அண்டாவில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும். கரைத்த அரிசி மாவைப் பெரியம்மா ஒரு கையால் ஊற்ற, அம்மா இரண்டு கையாலும் மரத்துடுப்பைப் பிடித்துக் கிண்டுவாள். "கட்டி தட்டப்போகுது, கையை நிறுத்தாதே" என்று திண்ணையில் உட்கார்ந்தபடி அம்மாச்சி சொல்லும் குரலில்தான் எங்களுக்கு விழிப்பு வரும். பாயைச் சுருட்டக்கூட நேரமில்லாமல் ஓடுவோம். வத்தல் போடுகிற நாளில் தூங்குகிற பிள்ளைக்குக் கூழ் கிடையாது.

லால்குடிதான் அம்மாச்சியின் ஊர். திருச்சியில் இறங்கிப் பஸ் பிடித்தால் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். முழுப்பரீட்சை முடிந்த மறுநாளே எங்களைக் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். பெரியம்மா பிள்ளைகள், சித்தி பிள்ளைகள், மாமா பிள்ளைகள் என்று எல்லோருமாக ஒன்பது பேர். கோடை முழுக்க அந்த வீட்டில் பத்துப் பதினைந்து தலைக்குக் குறையாது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அவரவர் வீட்டில் இருந்தவர்கள் எல்லோரும் தவறாமல் ஒன்றுகூடியது இந்த வத்தலுக்குத்தான். இதை நான் புரிந்துகொள்ள நாற்பது வருடம் ஆயிற்று.

வாய்க்காலில் தண்ணீர் வருவதற்குள்

வத்தல் போடுவதற்குச் சித்திரையும் வைகாசியும்தான் காலம். வெயில் ஒரு காரணம். மே 4 வாக்கில் தொடங்கி 28 வரை நீளும் அக்னி நட்சத்திரத்தில் திருச்சிப் பக்கம் வெயில் 40 டிகிரியைச் சர்வ சாதாரணமாகத் தொடும். ஆனால் இன்னொரு காரணமும் உண்டு. காவிரிக் கரை ஊர்களில் அதுதான் கை ஓய்ந்திருக்கும் காலம். தை அறுவடை முடிந்து நெல் பத்தாயத்துக்குள் போயிருக்கும். மேட்டூர் அணையை வழக்கப்படி ஜனவரி 28ஆம் தேதி மூடினால், மறுபடி திறப்பது ஜூன் 12ஆம் தேதி. அதுவரை முக்கொம்பிலிருந்து வரும் வாய்க்கால்கள் மணல் தெரியக் கிடக்கும். வயலில் வேலையில்லை. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. வெயிலும் ஓய்வும் ஒன்றாகக் கிடைக்கிற அந்தச் சில வாரங்களில் வருஷத்துக்கும் வேண்டியதைச் செய்து வைத்துக்கொண்டார்கள்.

"வாய்க்கால்ல தண்ணி வர்றதுக்குள்ள வத்தல் டின்னுக்குள்ள போயிடணும்" என்பது அம்மாச்சியின் கணக்கு. தண்ணீர் வந்துவிட்டால் நாற்றங்கால், நடவு, களையெடுப்பு என்று ஆளுக்கொரு திசையாகப் போய்விடுவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்தால் சந்தைக்குக் காய் வராது. அப்போது சோற்றுக்குத் துணை இந்தக் கோடையில் காய்ந்ததுதான். சுண்டைக்காய் வத்தலையோ மணத்தக்காளி வத்தலையோ போட்டு ஒரு வத்தக்குழம்பு, தொட்டுக்கொள்ள நாலு கூழ் வத்தல், ஒரு மோர் மிளகாய். மழை எத்தனை நாள் பெய்தாலும் வீட்டுக்குக் கவலையில்லை.

ஆகவே கூழ் வத்தல் மட்டுமில்லை, அந்த மாடியில் வரிசையாக எல்லாம் காயும். மோரில் வெந்த கொத்தவரங்காய் ஒரு பக்கம். பகலெல்லாம் வெயிலில் கிடந்து, இரவில் மறுபடி புளித்த மோர்ச் சட்டிக்குள் போய், மோர் முழுவதையும் குடித்து முடிக்கும் வரை இப்படியே போய்வந்துகொண்டிருக்கும் மிளகாய் இன்னொரு பக்கம். சின்ன வெங்காயத்தோடு உளுந்து, கடுகு, வெந்தயம், சீரகம், பூண்டு சேர்த்துப் பிசைந்து உருட்டிய வடகம் மூலையில். அந்த வடகத்தில் ஒரு துண்டைக் கிள்ளிப் போட்டுத் தாளித்தால் கீரைக் குழம்பு தெருமுனை வரை மணக்கும். ஊருக்கு ஊர் இது மாறும். யாழ்ப்பாணத்தில் வேப்பம்பூ வடகம் போடுவார்கள். எங்கள் வீட்டு மாடியில் சாய்ந்திருந்த வேப்ப மரத்துப் பூ ரசத்துக்குப் போனது. எந்தக் கோடைக்கு எது கிடைக்கிறதோ அதைக் காயவைப்பது எல்லா ஊருக்கும் பொது.

ஒரு படிக்கு ஓர் ஆழாக்கு

கூழ் வத்தலுக்கு அம்மாச்சியின் அளவு ஒரு படி பழைய பச்சரிசிக்கு ஓர் ஆழாக்கு ஜவ்வரிசி. ஆழாக்கு என்றால் படியில் எட்டில் ஒரு பங்கு. மில்லில் அரைத்து வந்த மாவை முதல்நாள் இரவே கரைத்து வைப்பாள். ஜவ்வரிசியும் இரவெல்லாம் ஊறும். அது நைலான் ஜவ்வரிசியாக இருக்கக் கூடாது, வெந்தால் மாவோடு மாவாகக் கரைகிற மாவு ஜவ்வரிசியாக இருக்க வேண்டும் என்று கடைக்காரரிடம் இரண்டு தரம் சொல்லித்தான் வாங்கிவரச் சொல்வாள்.

அந்த ஜவ்வரிசிக்கே ஒரு பயணக் கதை இருக்கிறது. அசல் ஜவ்வரிசி தென்கிழக்கு ஆசியாவில் வளரும் ஒருவகைப் பனையின் தண்டிலிருந்து எடுத்த மாவு. அது கடல் கடந்து வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது அந்த வரத்து நின்றுபோக, சேலத்துக்காரர்கள் மரவள்ளிக் கிழங்கிலிருந்து அதே மாதிரி மணி திரட்டக் கற்றுக்கொண்டார்கள். மரவள்ளியும் நம் மண்ணில் பிறந்ததில்லை. தென்னமெரிக்காவிலிருந்து வந்து நம் வயலில் வேர்பிடித்தது. இன்று சேலம் ஜவ்வரிசி 2023இல் புவிசார் குறியீடு பெற்ற பொருள். அங்கே 1981இல் தொடங்கிய கூட்டுறவு அமைப்பான சேகோசர்வ், ஆலைக்காரர்களின் சரக்கை விற்றுத் தருகிறது. எங்கிருந்தோ வந்த கிழங்கும் எங்கள் வயல் அரிசியும் ஒரே அண்டாவில் வெந்து ஒரே கூழாகிவிடும். வீட்டுக்கு வந்த மருமகள் இரண்டு வருடத்தில் வீட்டு ஆளாகிவிடுவது போலத்தான் என்று பெரியம்மா சொல்வாள். அவளே அந்த வீட்டு மகள்தான். மாமியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மாமிக்குக் கேட்கும்படி சொல்வாள்.

கூழ் வெந்ததா என்று பார்க்க அம்மாச்சி ஆள்காட்டி விரலைத் தண்ணீரில் நனைத்து அண்டாவில் தொடுவாள். ஒட்டாமல் வந்தால் வெந்தது. மாவின் வெள்ளை போய்க் கண்ணாடி போல ஒரு பளபளப்பு வந்திருக்கும். பிறகு அரைத்த பச்சை மிளகாய் விழுது, பெருங்காயம், சீரகம், உப்பு. அடுப்பிலிருந்து இறக்கிய பின் எலுமிச்சம்பழச் சாறு. உப்பு விஷயத்தில் மட்டும் அவள் யாரையும் நம்பமாட்டாள். கூழில் உப்பு சரியாக இருந்தால் வத்தலில் கரிக்கும். தண்ணீர் வற்றினாலும் உப்பு வற்றாது. அதனால் கூழை வாயில் வைத்தால் 'கொஞ்சம் குறைச்சல்' என்று தோன்ற வேண்டும். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்பது அவள் நாக்குக்கு மட்டும் தெரியும்.

அந்தக் கூழை ஆளுக்கு ஒரு கிண்ணம் கொடுப்பாள். சுடச்சுட, நல்லெண்ணெய் ஒரு சொட்டு விட்டு. எத்தனையோ ஊரில் எத்தனையோ சாப்பிட்டுவிட்டேன். விடிகாலை இருட்டில், விறகுப் புகையில் கண் எரிய, விரலால் வழித்துச் சாப்பிட்ட அந்தக் கூழுக்கு இணையாக ஒன்றையும் என்னால் சொல்ல முடியவில்லை.

கைக்கு ஒரு முகம்

பிழிவது அவசர வேலை. கூழ் ஆறினால் இறுகிவிடும், அச்சிலிருந்து இறங்காது. ஒன்பது மணியைத் தாண்டினால் தளம் கால் வைக்க முடியாமல் சுடும். அதனால் தாத்தாவின் பழைய எட்டு முழ வேட்டிகளைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து மாடியில் விரித்து, நாலு மூலையிலும் செங்கல் வைத்துவிட்டு, மூன்று பெண்களும் மாமியும் ஆளுக்கொரு முறுக்கு அச்சோடு குந்திவிடுவார்கள். நாங்கள் கூழ் சுமக்கும் கூட்டம். மாடிப்படியில் தூக்குவாளி கை மாறி மாறி ஏறும்.

அம்மாச்சிக்கு ஒரு திறமை உண்டு. காய்ந்த வத்தலை எடுத்துப் பார்த்தே யார் பிழிந்தது என்று சொல்லிவிடுவாள். பெரியம்மாவின் கை அளவெடுத்த மாதிரி, எல்லாம் ஒரே அகலம். அம்மாவின் சுற்று நெருக்கமாக, பூட்டுப் போட்டது போல இருக்கும். மாமி ஓரங்களில் அழுத்திவிடுவாள். சித்தி அகலமாகச் சுற்றுவாள், முடிக்கும்போது கையை வெடுக்கென்று எடுப்பாள். அதனால் அவள் வத்தல் ஒவ்வொன்றிலும் ஒரு வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். "வாலு வத்தல்" என்று நாங்கள் பெயர் வைத்திருந்தோம். பொரித்துப் போட்டால் அதற்குத்தான் சண்டை.

பிழிந்து முடித்தால் காவல். மாமாவின் கறுப்புக் குடையை விரித்து நடுவில் நட்டுவைப்போம். குச்சியில் கறுப்புத் துணி கட்டுவோம். காக்கை இரண்டு நாள் பயப்படும், மூன்றாம் நாள் குடைக் கம்பியின் மேலேயே உட்காரும். வேப்ப மர நிழலில் தாயக்கட்டை உருட்டிக்கொண்டு நாங்கள்தான் பார்த்துக்கொள்வோம். காக்கை தின்றதைவிடக் காவல்காரர்கள் தின்றது அதிகம். மேலே காய்ந்து உள்ளே மெத்தென்று இருக்கும் அரைக் காய்ச்சல் வத்தலின் ருசியை அறியாத பிள்ளை அந்த வீட்டில் இல்லை.

சாயங்காலம் வேட்டியிலிருந்து உரிக்க வேண்டும். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், நான் சொல்லவந்த விஷயமே இதில்தான் இருக்கிறது. துணியில் ஒட்டிக் காய்ந்த வத்தலை நேராகப் பிய்த்தால் உடைந்துவிடும். வேட்டியைத் திருப்பிப் போட்டு, முதுகுப் பக்கம் தண்ணீர் தெளித்து, ஈரம் ஊற விட வேண்டும். பிறகு ஒருவர் இந்த முனையையும் எதிரே ஒருவர் அந்த முனையையும் பிடித்து விறைப்பாக இழுக்க, மூன்றாமவர் ஒவ்வொன்றாக உரித்து முறத்தில் போட வேண்டும். துணி தளர்ந்தால் வத்தல் வராது. ஒரு ஆளால் இந்த வேலை ஆகாது. எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் வேட்டிக்கு மறுமுனை என்று ஒன்று இருக்கிறது.

"நீதான்க்கா தளர விடுறே"

1983 கோடை. எனக்குப் பதினோரு வயது. அதற்கு முந்தின ஆவணியில் என் தம்பியின் காதுகுத்து நடந்தது. அதில் சித்தி கொண்டுவந்த சீர்த்தட்டைப் பற்றி யாரோ ஏதோ சொல்ல, அது அம்மா சொன்னதாகச் சித்தி காதுக்குப் போய்ச் சேர்ந்தது. அம்மா சொன்னாளா, இல்லையா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அன்றிலிருந்து எட்டு மாதம் அக்காவும் தங்கையும் பேசவில்லை. பொங்கலுக்கு வாழ்த்து அட்டைகூட வரவில்லை. அப்பாவும் சித்தப்பாவும் நடுவில் பேசிப் பார்த்தார்கள், ஆகவில்லை.

கோடை வந்தது. இரண்டு பேரும் லால்குடிக்கு வந்தார்கள். வராமல் இருக்க முடியாது. வருஷத்துக்கு வத்தல் வேண்டும், அதைவிட, அம்மாச்சி கூப்பிட்டு வராமல் இருந்த பெண் அந்த வீட்டில் கிடையாது. ஒரே சமையலறையில் முதுகைக் காட்டிக்கொண்டு நடமாடினார்கள். "உன் சித்திகிட்ட உப்பு ஜாடியைக் கேளு" என்று அம்மா என்னை அனுப்புவாள். "எங்க வச்சேன்னு உங்கம்மாவுக்குத் தெரியும்" என்று சித்தி என்னைத் திருப்பி அனுப்புவாள். பிழியும்போதும் அவள் கிழக்கு மூலை, இவள் மேற்கு மூலை.

முதல் நாள் சாயங்காலம் வேட்டியின் ஒரு முனையை அம்மா பிடித்திருந்தாள். மறுமுனையில் பெரியம்மா. முறத்தோடு அம்மாச்சி உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்தாள். நாலு வத்தல் உரித்திருப்பாள். "பெரியவளே, கீழ பால் காய்ச்சணும், போய்ப் பாரு" என்றாள். பெரியம்மா துணியை அப்படியே விட்டுவிட்டு இறங்கிப் போனாள். மறுமுனை தரையில் கிடந்தது. அம்மா நின்றாள். நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். "உன் கைக்கு நிக்காதுடி, வத்தல் உடையும்" என்று அம்மாச்சி என்னை விலக்கினாள். மாடிச் சுவரோரம் கொத்தவரங்காயைப் புரட்டிக்கொண்டிருந்த சித்தியை ஏறிட்டுக்கூடப் பார்க்காமல், "வெளிச்சம் போயிட்டிருக்கு" என்றாள், பொதுவாக.

சித்தி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மறுமுனையை எடுத்தாள். இரண்டு பேரும் முகத்தைப் பார்த்துக்கொள்ளாமல் வேட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அம்மாச்சி உரித்தாள். ஒன்று உடைந்தது. இன்னொன்றும் உடைந்தது.

"இழுத்துப் பிடிக்கச் சொல்லு" என்றாள் அம்மா, என்னிடம்.

"நான் இழுத்துத்தான் பிடிச்சிருக்கேன். நீதான்க்கா தளர விடுறே" என்றாள் சித்தி. என்னிடம் இல்லை, நேராக அம்மாவிடம்.

அந்த 'அக்கா'வை அவள் நினைத்துச் சொல்லவில்லை. முப்பது வருடப் பழக்கத்தில் வாய் தவறி வந்துவிட்டது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. வேட்டியை விறைப்பாக இழுத்தாள். அதற்குப் பிறகு ஒன்றும் உடையவில்லை. நாலு வேட்டி முடியும்போது இருட்டிவிட்டது. கடைசி வேட்டியை மடிக்க இரண்டு முனையையும் ஒன்றுசேர்க்க இருவரும் நடந்து வந்தார்கள், மூலையோடு மூலை வைத்து. கைகள் தொட்டுக்கொள்ளும் தூரம் வந்ததும் சித்தி அழுதுவிட்டாள். "நான் சொல்லவே இல்லடி" என்றாள் அம்மா. "சரி விடுக்கா" என்றாள் சித்தி. அவ்வளவுதான். அம்மாச்சி முறத்தைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

யாரும் சமாதானப் பேச்சு பேசவில்லை. பேசி வராதது, கைக்கு ஒரு வேலை இருந்ததால் வந்தது.

விருந்தாளியும் வீட்டு ஆளும்

இப்போதும் நாங்கள் கூடாமல் இல்லை. கல்யாணம், வளைகாப்பு, அறுபதாம் கல்யாணம், புதுமனைப் புகுவிழா என்று வருடத்துக்கு நாலைந்து தரம் சொந்தம் மொத்தமும் ஒரே கூரையின் கீழ் நிற்கிறது. மண்டபம், பந்தி, போட்டோ. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே நாற்காலிக்குப் பின்னால் அடுத்த பந்திக்கு ஆள் நிற்கிறார். இலையில் இருபது வகை இருக்கிறது. எதுவும் நம் கை பட்டதில்லை. "எப்படி இருக்கே, பையன் என்ன படிக்கிறான்" என்று கேட்டு முடிப்பதற்குள் தாம்பூலப் பை கைக்கு வந்துவிடுகிறது. வீடு திரும்பும்போது யாரையுமே பார்க்காத மாதிரி ஒரு வெறுமை.

அந்த வெறுமைக்குக் காரணம் தேடித்தான் லால்குடி மாடிக்குத் திரும்பத் திரும்பப் போகிறேன். விருந்துக்குப் போனால் விருந்தாளி. வேலைக்குப் போனால் வீட்டு ஆள். விருந்து நம்மை உட்காரவைக்கிறது, வேலை நம்மைச் சேர்க்கிறது. மூன்று நாள் ஒரே துணியில் பிழிந்து, ஒரே முறத்தில் உரித்து, 'இந்த டின் பெரியவளுக்கு, இது சின்னவளுக்கு, வர முடியாமப் போனவளுக்கு ஒரு பிடி கூட' என்று பங்கு பிரித்தவர்கள் ஒருவரைவிட்டு ஒருவர் அவ்வளவு சீக்கிரம் போய்விட முடியாது. நேருக்கு நேர் உட்கார்ந்தால் பேச முடியாததைக் கூட, கையில் ஒரு வேலையை வைத்துக்கொண்டு பேசிவிடலாம். பேச்சு அறுந்தால் துடுப்பு ஓடிக்கொண்டிருக்கும். மௌனம் யாரையும் உறுத்தாது.

ஆனால் ஒன்றையும் மறைக்கக் கூடாது. அந்த வேலை முழுவதும் பெண்கள் தலையில்தான் இருந்தது. கிண்டிக் கிண்டிப் பெரியம்மாவின் தோள்பட்டை வலி ஆடி வரைக்கும் போகாது. கொதிக்கிற கூழ் தெறித்து அம்மாவின் மணிக்கட்டில் விழுந்த தழும்பு இன்னும் இருக்கிறது. ஆண்கள் குடை கொடுத்தார்கள், விறகு பிளந்தார்கள், பிறகு வருஷம் முழுக்க "வத்தல் பொரிக்கலையா?" என்று கேட்டார்கள். வேலைக்குப் போகத் தொடங்கிய எங்கள் தலைமுறைப் பெண்கள் இதை விட்டுவிட்டதில் ஒரு தவறும் இல்லை. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் மொட்டை மாடிக்கே பூட்டு. திறந்தாலும் தண்ணீர்த் தொட்டிக்கும் சோலார் தகட்டுக்கும் நடுவில் நாலு முழ வேட்டி விரிக்க இடமில்லை. கடையில் அழகாகப் பாக்கெட் போட்டு விற்கிறது. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989இல் தருமபுரியில் தொடங்கின. இன்று ஊர்தோறும் இருக்கும் அந்தக் குழுக்களில் வத்தல், வடகம் போட்டு விற்கிற பெண்கள் எத்தனையோ பேர். அம்மாச்சிக்குக் கூலி இல்லாத வேலை அவர்களுக்கு வருமானமாகியிருக்கிறது. அவர்களிடம் வாங்குவது எனக்குச் சந்தோஷம்.

அதனால் எல்லோரும் மாடிக்குப் போய் வத்தல் போடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கூடுகிற குடும்பத்துக்குக் கையில் ஒரு வேலை இருக்கட்டும் என்றுதான் சொல்கிறேன். அது ஊறுகாய்க்கு மாங்காய் நறுக்குவதாக இருக்கலாம். தீபாவளிக்கு முறுக்குச் சுற்றுவதாக இருக்கலாம். எல்லோருமாக உட்கார்ந்து ஒரு கூடை மொச்சை உரிப்பதாகக்கூட இருக்கலாம். ஆண், பெண், பிள்ளை எல்லோர் கையும் அதில் பட வேண்டும். பரிமாறுகிறவரும் பரிமாறப்படுகிறவரும் வேறு வேறாக ஆகிவிடாமல் இருந்தால் போதும்.

மறுபடி ஒரு வேட்டி

போன வருடம் மே மாதம் தம்பியின் திருச்சி வீட்டில் கூடினோம். சொந்த மாடி இருப்பது அவனுக்கு மட்டும்தான். ஒன்பது பிள்ளைகளில் ஆறு பேர் வந்தோம், எங்கள் பிள்ளைகளோடு. கேஸ் அடுப்பில் அரைப் படிதான் போட்டோம். கிண்டியது தம்பியும் மாமா பையனும். இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் கிண்டி, பத்தாவது நிமிடத்தில் சட்டையைக் கழற்றிவிட்டார்கள். "இதையா மூணு படி கிண்டினாங்க?" என்று தம்பி கேட்டான். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து, "கையை நிறுத்தாதே" என்றாள். அம்மாச்சியின் குரல் அப்படியே இருந்தது.

உப்புப் பார்க்க அம்மாவைத்தான் கூப்பிட்டோம். நாக்கில் வைத்து, கண்ணை மூடி, "இன்னும் ஒரு கல்லு" என்றாள். கூழைப் பிள்ளைகள் முதலில் சந்தேகமாகப் பார்த்தார்கள். பிறகு அண்டாவை வழித்தார்கள்.

சித்தி இல்லை. நாலு வருடத்துக்கு முன் போய்விட்டாள். அவள் பேத்தி வந்திருந்தாள், கோயம்புத்தூரிலிருந்து, பன்னிரண்டு வயது. அச்சு பிடிக்க அவளுக்கு அவள் அம்மா சொல்லிக் கொடுத்திருக்கிறாள் போல. குனிந்து, உதட்டை மடித்துக்கொண்டு, ஒரு வரிசை முழுக்க அவளே பிழிந்தாள். நான் கூழ் எடுத்துவரும் மும்முரத்தில் அதைக் கவனிக்கவில்லை. சாயங்காலம் வேட்டியைத் திருப்பிப் போட்டுத் தண்ணீர் தெளித்தோம். அவள் ஒரு முனை, என் மகன் ஒரு முனை. இழுத்துப் பிடிக்கத் தெரியாமல் முதல் பத்து வத்தல் நொறுங்கியது. பதினோராவது முழுசாக வந்தபோது மாடியில் எல்லோரும் கைதட்டினார்கள்.

காய்ந்த வத்தல் நன்றாகப் பொரிவதற்கு ஒரு சூட்சுமம் இருக்கிறது. பார்வைக்குச் சருகாகத் தெரிந்தாலும் அதற்குள் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு ஈரம் ஒளிந்திருக்கும். காய்ந்த எண்ணெயில் விழுந்ததும் அந்த ஈரம் ஒரே நொடியில் ஆவியாகி, இறுகிக் கிடந்த மாவைத் தள்ளி விரிக்கும். அதுதான் வத்தல் மூன்று மடங்காகப் பூப்பது. ஈரம் அதிகமானால் பொரியாமல் சவசவவென்று போய்விடும். அறவே போனால் கல்லாகக் கிடக்கும். ஒடித்தால் 'டக்'கென்று சத்தம் வர வேண்டும், அவ்வளவுதான் காய வேண்டும் என்று சொல்லிக் கொடுத்த அம்மாச்சிக்கு இந்த விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

ஐப்பசியில் இரண்டு நாளாக விடாத மழை. அம்மா என்னோடு இருந்தாள். வத்தக்குழம்பு வைத்துவிட்டு, திருச்சியிலிருந்து என் பங்காக வந்த டின்னைத் திறந்து ஒரு கை எடுத்துப் பொரித்தேன். அம்மாவுக்கு இப்போது கண் அவ்வளவாகத் தெரிவதில்லை. தட்டில் வைத்ததைக் கையால் தடவி ஒவ்வொன்றாக எடுத்தாள். நெருக்கமான சுற்று ஒன்றை எடுத்து, "நீ பிழிஞ்சதா?" என்றாள். ஆமாம் என்றேன். அடுத்ததை எடுத்தாள். அதன் ஓரத்தில் விரல் நின்றது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த வாலை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தாள்.

"இது தங்கச்சி கை இல்ல?"

"அவ பேத்தி பிழிஞ்சதும்மா."

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அதைத் தட்டின் ஓரமாகத் தனியே வைத்தாள். குழம்புச் சோறு, மோர்ச் சோறு எல்லாம் சாப்பிட்டு முடித்தாள். பிறகு அந்த வத்தலை எடுத்து, வால் பக்கமிருந்து மெதுவாகக் கடித்தாள்.